டெங்கு கொசுவுக்குப் பக்கத்தில் என் படம்

உட்காருங்க தங்கச்சி. இப்ப வார்டுக்குள்ள விட மாட்டாங்க. நர்ஸ் மிஸ்ஸிங்க படுக்கையெல்லாம் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க, முடிஞ்சதும் அந்தக் கதவைத் தொறப்பாங்க. அது வரைக்கும் இந்த நாற்காலிதான் நமக்கு. அந்தக் கடைசி நாற்காலி வேணாம், கால் ஆடும், இங்க வாங்க. பெட்டியை மடியில வெச்சிக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க, இப்படிக் கீழ வைங்க. கேமராதானே? தெரியும். டாக்டர் ஹேமலதா நேத்தே போன் பண்ணிட்டாங்க. சுகாதார இலாகாவிலேருந்து ஒரு பொண்ணு வரும், ஜெகநாதனைப் படம் எடுக்கும், மிஸ்டர் கதிரேசன் நீங்க கூட இருந்து பார்த்துக்கணும்னு சொன்னாங்க. அந்தக் கதிரேசன் நான்தான்.

என்னை எங்கயாச்சும் பார்த்த மாதிரி இருக்கா? நல்லாப் பாருங்க. மூக்குல டியூப் இருக்கும், கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கும், பனியன் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இல்லயா?

சரி, பரவால்ல. நீங்க வேலை செய்யற இலாகா ஒட்டின போஸ்டர் அது. அதுல இருக்கறது நான். உங்களுக்கே தெரியலைன்னா ஊர்ல மத்தவங்களை நான் என்ன சொல்றது?

உங்க மேல தப்பு இல்ல. ஒட்டின இடம் அப்படி. கிளினிக்குல மருந்து வாங்கற கவுண்டருக்குப் போற வழியில, இந்தப் பக்கம் டெங்கு கொசு, அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் குடுக்கற அம்மா, நடுவுல நான். அந்தக் கொசுவை எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க தெரியுமா? என் தலையை விடப் பெருசு. வரிசையில நிக்கற ஜனங்க கொசுவைப் பார்ப்பாங்க, பிள்ளையைப் பார்ப்பாங்க, என்கிட்ட வந்ததும் நம்பர் கூப்பிட்டுட்டாங்களான்னு திரும்பிடுவாங்க. நான் ஒரு நாள் முழுக்க அங்க நின்னு பார்த்திருக்கேன். நம்பர் கார்டு கூட எடுக்கல, சும்மா பார்க்கத்தான் போனேன்.

உள்ள படுத்திருக்கற ஜெகநாதன், நம்ம ஜெகா, அவனோட படம் எங்க இருந்திச்சின்னு கேளுங்க. ஈப்போ ரோட்டு டிராபிக் லைட்டுல. மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு விளம்பர போர்டு. ராத்திரியானா அதுக்குத் தனியா லைட்டு. சிவப்பு விழுந்து நின்னா நேரா அவன் பல்லுதான் தெரியும். கையில அந்த வேப் சாமான், மின்சிகரெட்டு, வாயைச் சுத்தி வெள்ளையா புகை மேகம், அதுக்கு நடுவுல சிரிச்சிக்கிட்டு நிப்பான். என் வீட்டுக்காரி சுலோச்சனா ஒவ்வொரு தடவையும் சொல்லுவா, "ஜெகாண்ணன் எவ்வளவு லட்சணமா இருக்காரு பாருங்களேன்"னு. ஒரு நாள் தாங்க முடியாம சிவப்புலயே வண்டியை விட்டுட்டேன். வீட்டுக்குச் சம்மன் வந்திச்சி. அவன் சிரிச்சான், நான் அபராதம் கட்டினேன்.

பொறாமைன்னு நெனைக்கறீங்க. நெனைச்சிக்குங்க. பொறாமைதான். வேற என்னன்னு சொல்றது அதை?

நானும் அவனும் ஜோடி அறிவிப்பாளருங்க, தங்கச்சி. கல்யாண விருந்து, அறுபதாம் கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, எதுக்குன்னாலும் கதிர், ஜெகா ரெண்டு பேருந்தான். தெலுக் இந்தான் டவுன் வரைக்கும் போயிருக்கோம். விருந்து எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. மண்டபத்து லைட்டை அணைச்சிடுவாங்க, பொண்ணு மாப்பிள்ளை வாசல்ல நிப்பாங்க, மேளக்காரங்க குச்சியைத் தூக்கிட்டு நிப்பாங்க. ஆனா அறிவிப்பாளர் வாயைத் தொறந்தாத்தான் எதுவும் அசையும். அந்த ஒரு நிமிஷம் மண்டபமே நம்ம கையில.

எழுதறதெல்லாம் நான். எதுகை, மோனை, பொண்ணு வீட்டு வர்ணனை, தாய்மாமன் வரும்போது ஒரு வரி, கேக் வெட்டும்போது ஒரு வரி, எல்லாம் நான் எழுதினது. பேசறதுல பாதி நான். அவன் என்ன பண்ணுவான்? சிரிப்பான். நான் மூச்சைப் புடிச்சிக்கிட்டு நல்ல தமிழ்ல பொண்ணை வர்ணிச்சிக்கிட்டு இருப்பேன், இவன் பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டு சட்டைக் கையை மடிச்சி விடுவான். மண்டபத்துல எல்லாரும் அவன் சட்டைக் கையைப் பார்ப்பாங்க. முடிஞ்சதும் பொண்ணோட அம்மா வந்து, "ஜெகா தம்பி, ரொம்ப நல்லா பேசினீங்க"ன்னுவாங்க. அவனும் என்னைக் காட்டி, "எல்லாம் இவன் எழுதினதும்மா"ன்னுவான். அதையும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவான். அப்பவும் அவங்க அவனைத்தான் பார்ப்பாங்க.

அப்படி ஒரு கல்யாணத்துக்குத்தான் அந்த வேப் கம்பெனிக்காரன் கோலாலம்பூர்லேருந்து வந்தான். மாப்பிள்ளைக்குக் கூட்டாளி. விளம்பரத்துக்கு முகம் தேடிக்கிட்டு இருந்திருக்கான். மலாய்க்காரருக்கு ஒரு முகம், சீனருக்கு ஒரு முகம், நமக்கு ஒரு முகம். ருசியும் அப்படித்தான் பிரிச்சி வெச்சிருந்தான். நமக்கு மாம்பழ லஸ்ஸி, பால்கோவா, ஜாங்கிரி. ஜாங்கிரியைப் புகையா இழுக்கலாமாம், தங்கச்சி! நாங்க ரெண்டு பேரும் மேடையை விட்டு எறங்கி நிக்கறோம். நேரா எங்ககிட்ட வந்தான். நான் கையை நீட்டினேன். என் தோளை லேசா நகர்த்திட்டு அவன் கையைப் புடிச்சிக் குலுக்கினான்.

நீட்டின கையை நான் என்ன பண்றது? தலையைச் சொறிஞ்சிக்கிட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் ஆகியிருக்கும், ஜெகா போன் பண்றான். "டேய் கதிரு, சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறிட்டேன்னு சொல்ற மாதிரி நறுக்குன்னு ஒரு வரி குடு லா. அவங்க எழுதிக் குடுத்தது வாயிலயே நுழையல." அவன் எங்க சிகரெட்டு புடிச்சான்? விருந்து முடிஞ்சி எலையெல்லாம் எடுத்தப்புறம் மண்டபத்துக்குப் பின்னால எப்பயாச்சும் ஒண்ணு இழுப்பான், அவ்வளவுதான். ஆனா நான் அதைக் கேட்கல. எனக்குள்ள வேற கணக்கு. வரியைக் குடுத்தா, நல்லா இருக்கே யாரு எழுதினதுன்னு கம்பெனிக்காரன் கேட்பான். கதிரேசன்னு இவன் சொல்லுவான். அப்ப என்னையும் கூப்பிட்டுத்தானே ஆகணும்? கோப்பி கடையில உட்கார்ந்து, கோப்பி ஆறறதுக்குள்ள எழுதிட்டேன்.

"சிகரெட்டை விடு, சுகத்தை எடு."

எப்படி? விடு, எடு. சும்மா சொல்லிப் பாருங்க, நாக்கு தானாப் போகும். அந்த வரி நீங்க கேட்டிருப்பீங்களே! கேட்டிருக்கீங்கல்ல? அது நான் எழுதினது தங்கச்சி. என்னைத் தெரியல, என் வரி தெரியுது பாருங்க. பள்ளிக்கூட பஸ்ல பிள்ளைங்க பாட்டாவே பாடினாங்க. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வேப் விக்கறவன் மைக்கு வெச்சி அதைத்தான் திருப்பித் திருப்பிக் கூவினான். போர்டுல, வேன்ல, டீ சட்டையில, எல்லா இடத்திலயும் என் வரி. ஒரு இடத்திலயாச்சும் கதிரேசன்னு பேரு உண்டா? இல்ல. ஜெகாவோட சிரிப்புக்குத்தான் சாமான் அப்படிப் போகுதுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. சிரிப்பு எங்கயாச்சும் விக்குமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க. வரிதான் விக்கும். அத்தனை பேரை வாங்க வெச்சது என் வரிதான், அதை எவன் கிட்டயும் அடிச்சிச் சொல்லுவேன்.

அவனும் இழுக்க ஆரம்பிச்சான். ஒப்பந்தம் அப்படி. வெளிய எங்க போனாலும் கையில அது இருக்கணும். கம்பெனியிலேருந்து பெட்டி பெட்டியா வரும். கல்யாணத்துல ரெண்டு அறிவிப்புக்கு நடுவுல ஓரமாப் போயி இழுத்து ஊதுவான், இளவட்டமெல்லாம் போன் தூக்கிக்கிட்டு படம் எடுக்க ஓடும். பொண்ணு மாப்பிள்ளை பக்கம் கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. கொஞ்ச நாள்ல, "அண்ணே, ஜெகாண்ணன் மட்டும் வந்தாப் போதும்ணே"ன்னு எனக்கே போன் பண்ணிச் சொல்ல ஆரம்பிச்சாங்க. என் போன்லயே, தங்கச்சி. புக்கிங் நம்பர் என் நம்பர்தானே.

அந்த நேரத்துலதான் டாக்டர் ஹேமலதா. ஒரு கல்யாணத்துல பொண்ணுக்குச் சித்தி. இலாகாவுல வேப்புக்கு எதிரா விழிப்புணர்வு போஸ்டர் போடறோம், நம்ம ஆளு ஒருத்தர் முகம் வேணும், உங்க முகத்துல நல்ல அனுபவம் தெரியுதுன்னாங்க. மரியாதையான அம்மா, அப்படித்தான் சொல்லுவாங்க. மூஞ்சி அடிபட்ட மாதிரி இருக்குன்னு அர்த்தம். நான் ஒடனே சரின்னுட்டேன். ஊரு ஜனம் பொழைக்கட்டும்னு நெனைச்சேன்னு பத்திரிகைக்காரன் கேட்டா சொல்லுவேன். உங்ககிட்ட எதுக்குப் பொய்? அவனுக்கு ஒரு போர்டு, எனக்கு ஒரு போர்டு. அவ்வளவுதான் நெனைச்சேன்.

நடிச்சேன் பாருங்க, நீங்க அன்னிக்கு இருந்திருக்கணும். பவுடரு, மையி, மூக்குல டியூபு, உதட்டுல என்னமோ வெள்ளையாத் தடவினாங்க. மூச்சு வாங்கற மாதிரி நெஞ்சை ஏத்தி எறக்கினேன். மேக்கப் போட்ட பொண்ணு அழுதிடிச்சி. அழலைன்னு வெச்சிக்குங்க, கண்ணைத் தொடைச்சிச்சி. ஆனா போஸ்டர் வந்ததும் பார்த்தா, என் மூஞ்சிக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்க? "மின்சிகரெட் பயன்பாட்டினைத் தவிர்ப்பீர்." தவிர்ப்பீராம்! எவன் தவிர்ப்பான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா? கம்பெனிக்காரனாச்சும் வரி கேட்டு வாங்கினான். உங்க இலாகா அது கூடக் கேட்கல.

அப்புறம்தான் கூத்து. கிளினிக்குல பார்த்த ஒண்ணு ரெண்டு பேரு போயி ஊர்ல சொல்லிட்டாங்க, கதிரேசனுக்கு நுரையீரல் போச்சாம், டியூபு வெச்சிருக்காங்களாம்னு. விழிப்புணர்வுன்னு ஒருத்தருக்கும் தோணல. வீட்டுக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. நோயாளியைப் பார்க்க வர்ற மாதிரி கையில மைலோ டின்னு, ஆரஞ்சுப் பழம். நான் கைலியைக் கட்டிக்கிட்டு வாசல்ல கார் கழுவிக்கிட்டு இருக்கேன், அவங்க என்னைப் பார்த்து, "எழுந்து நடமாடறீங்களே, அதுவே பெருசு"ன்னு கையைப் புடிச்சிக்கறாங்க. கோயில்ல என் பேருக்கு அர்ச்சனை. சுலோச்சனாவோட அண்ணன், என் கூடப் பேசியே வருஷக்கணக்கா ஆன மனுஷன், வந்து என் பக்கத்துல உட்கார்ந்து அழறாரு. கொஞ்ச நாள் நானும் இல்லன்னு மறுக்கல. நல்லாத்தான் இருந்திச்சி. என்னை அவ்வளவு பேரு பார்த்ததே இல்ல.

ஆனா மிச்சம் மீதி இருந்த கல்யாணமும் போச்சே! டியூபோட பார்த்த மனுஷன் மேடையில நின்னு, மணமக்கள் நீடூழி வாழ்கன்னா எந்தத் தாய் ஒத்துக்குவா? நல்ல காரியத்துல நோயாளி மூஞ்சியான்னு வெளிப்படையாவே கேட்டாங்க. குறிச்ச தேதியெல்லாம் ஒண்ணொண்ணா ஜெகாகிட்டப் போச்சி. அவன் என்ன பண்ணான் தெரியுமா? எல்லா மேடையிலயும் மைக்கைப் புடிச்சி, "என் நண்பன் கதிரேசனுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கான், அவனையும் கூப்பிடுங்க"ன்னு சொல்றான். உதவி பண்றானாம். ஒரு மனுஷனுக்கு ஒண்ணுமில்லன்னு ஊரைக் கூட்டிச் சொன்னா, ஜனங்க என்ன நெனைப்பாங்க? இன்னும் முத்திப் போச்சின்னுதானே நெனைப்பாங்க. கெட்டிக்காரன் அவன்.

கடைசியில நானே கெளம்பினேன். கோப்பி கடை, மார்க்கெட், கோயில், சவரக்கடை, ஒரு இடம் விடல. சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டி, "மேக்கப்பு லா, எல்லாம் மேக்கப்பு! இங்க பாரு, ஓடிக் காட்டவா?"ன்னு சொன்னேன். ஓடியும் காட்டினேன். எப்பயாச்சும் கோயில் திருவிழாவுல மேடை கெடச்சா முதல் வேலையே அதுதான்: "பெரியோர்களே, கிளினிக்குல நீங்க பார்க்கறது நடிப்பு, இங்க நீங்க பார்க்கறது நெசம்." கைத்தட்டல் வரும். என் தொழிலைக் காப்பாத்திக்கணுமா இல்லையா?

அதுல என்னாச்சின்னா, வேப் அடிக்கற பசங்க என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. "அங்கிள், அந்த டியூபு எந்தக் கடையில வாங்கினீங்க?"ன்னு கேட்பாங்க. அவங்க அம்மா அப்பா திட்டினா, "அதெல்லாம் மேக்கப்பும்மா, அந்த அங்கிளே சொல்லிட்டாரு"ன்னு பதில் சொல்றாங்களாம். ஜெகாவுக்கும் ரெண்டு தடவை இருமல் வந்து, அவன் பொஞ்சாதி மல்லிகா வேணாம் இதைத் தூக்கிப் போடுங்கன்னு அழுதிருக்கா. அவன் சொல்லியிருக்கான், "கதிர் படத்தைப் பார்த்துப் பயந்துட்டியா? அவனே நடிப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான், போடி"ன்னு. மல்லிகா என்கிட்ட வந்து சொல்லி வருத்தப்பட்டுச்சி. நான் என்ன பண்ண முடியும்? நடிப்பு நடிப்புதானே. அது நல்ல நடிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னானா பாருங்க.

அவனுக்கு மூச்சு கொறையுதுன்னு முதல்ல கண்டுபுடிச்சது நான்தான், தங்கச்சி. டாக்டர் இல்ல. விருந்துல மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிடும்போது அப்பா பேரு, அம்மா பேரு, தாய்மாமன், அத்தை, சித்தப்பா எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சாத்தான் மேளம் விழும். நடுவுல மூச்சு எடுத்தா மேளக்காரன் முடிஞ்சிடிச்சின்னு அடிச்சிடுவான். அதான் எங்க தொழிலு. ஒரு விருந்துல நான் சாப்பிட வந்தவன், சும்மா ஓரமா உட்கார்ந்திருக்கேன். ஜெகா தாய்மாமன் பேருல நின்னுட்டான். மேளம் விழுந்திடிச்சி. அத்தையும் சித்தப்பாவும் பேரே இல்லாம மேடை ஏறினாங்க, அங்கயே சண்டை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கினேன். இப்ப அதைச் சொல்லும்போது என்னமோ மாதிரி இருக்கு. ஆனா அன்னிக்குச் சந்தோஷம்தான்.

அதுக்கு முன்னால நானும் ஒண்ணு வாங்கினேன். வேப்புதான். பழக்கம் இல்ல, இவன்கிட்ட அப்படி என்ன இருக்குன்னு பார்க்கத்தான். கண்ணாடி முன்னால நின்னு அவன் மாதிரியே இழுத்து ஊதிப் பார்த்தேன். மேகமே வரல. அவனுக்கு வாயைச் சுத்தி அழகா நிக்கும், எனக்கு மூக்கு வழியா கோணலாப் போகுது. சுலோச்சனா பார்த்துட்டா. "அங்க சுவத்துல மூக்குல டியூபோட உட்கார்ந்துக்கிட்டு தவிர்ப்பீர்ங்கறீங்க, இங்க ஜாங்கிரி ஊதறீங்களா?"ன்னு பிடுங்கிக் குப்பையில போட்டா. ஜாங்கிரி இல்லடி, பால்கோவான்னேன். அதுக்கும் திட்டு.

அப்புறம் அவன் விழுந்தான். மேடையில இல்ல, வீட்டுல, குளிக்கற ரூம்புல. மேடையில விழுந்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும்னு அவனே சொல்லிச் சிரிச்சான், சிரிக்கவும் முடியல. நுரையீரல் போச்சின்னு இங்க சேர்த்தாங்க. முதல் வாரம் இந்த வராண்டாவுல நிக்க இடம் கெடயாது. எல்லாக் கல்யாண வீட்டுக்காரங்களும் வந்தாங்க. எனக்கு வந்த மைலோவை விட அவனுக்கு ரெண்டு பங்கு வந்திச்சி, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கம்பெனிக்காரன் வரல. போர்டைக் கழட்டிட்டான். நான் ஈப்போ ரோட்டுல போறேன், ஏணி போட்டு அவன் படத்தைக் கிழிக்கறாங்க. பாதி மூஞ்சி போச்சி, பாதிச் சிரிப்பு தொங்குது. எத்தனை நாள் அதைக் கிழிக்கணும்னு நெனைச்சிருக்கேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். கிழிக்கறவன்கிட்டப் போயி, "மெதுவா லா, மனுஷன் மூஞ்சி அது"ன்னு சத்தம் போட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். அடுத்த நாள் அங்க வேற ஒரு இளவட்டம் சிரிச்சிக்கிட்டு நிக்குது. என் வரி மட்டும் அப்படியேதான் இருக்கு.

இப்ப யாரும் வர்றதில்ல. மல்லிகா காலையில இருக்கும், மத்தியானம் வேலைக்குப் போயிடும். அதனால மத்தியானத்துக்கு நான் வர்றேன். தினமுமான்னு கேட்டா, ஆமா, தினமுந்தான். எனக்கு வேற என்ன வேலை, கல்யாணமெல்லாம் புதுசா வந்த பசங்ககிட்டப் போயிடிச்சே.

அப்பத்தான் டாக்டர் ஹேமலதா கூப்பிட்டாங்க. "மிஸ்டர் கதிரேசன், உங்க போஸ்டரை எடுத்துடப் போறோம், அது நடிப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி. உண்மையான நோயாளி ஒருத்தர் வேணும். மிஸ்டர் ஜெகநாதனை ஊருக்கே தெரியும், அதே சிரிச்ச முகம், இப்ப எப்படி இருக்குன்னு ஜனங்க பார்க்கணும். நீங்க நண்பர், நீங்க கேட்டா ஒத்துக்குவாரு." டிராபிக் லைட்டுல பெரிய போர்டாவே வைக்கப் போறாங்களாம். எனக்குக் கொசுவுக்குப் பக்கத்துல. அவனுக்கு டிராபிக் லைட்டுல. மறுபடியும் டிராபிக் லைட்டுல!

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நல்லா இருந்தப்ப நல்ல போர்டு அவனுக்கு. நோயாளி போர்டாச்சும் எனக்குன்னு இருந்திச்சி, அதையும் அவன் எடுத்துக்கிட்டான். நான் பவுடரு பூசி, மையி பூசி, நெஞ்சை ஏத்தி எறக்கி வராததை, அவன் ஒண்ணும் பண்ணாம சும்மா படுத்துக்கிட்டே பண்றான். அந்த மூஞ்சிக்கு முன்னால என் நடிப்பு நிக்குமா? நிக்காது. தொழில் தெரிஞ்சவன் நான், தெரியாதா?

தங்கச்சி, ஒண்ணு கேட்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்னைத் தனியா ஒண்ணு எடுத்துப் பார்க்கறீங்களா? இந்த வெளிச்சத்துலயே போதும். கொஞ்ச நாளா சாப்பாடு எறங்கல, நானும் எளைச்சித்தான் போயிருக்கேன். இந்த மாதிரி உட்கார்ந்தா... வேணாமா? சரி. ஆமா, டாக்டர் சொன்னதுதான் சரி. சும்மா கேட்டேன்.

நேத்து அவன்கிட்டக் கேட்டுட்டேன். முழுசா சொல்லிட்டேன், போர்டு, டிராபிக் லைட்டு, எல்லாம். வேணாம்னுடுவான்னு நெனைச்சேன். மூஞ்சியை அவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சிருந்தவன். மாஸ்க்கை எறக்கிட்டு ரொம்ப நேரம் மூச்சு வாங்கினான். அப்புறம், "எடுக்கச் சொல்லு. பசங்க பார்க்கட்டும்"னான். நான் எழுந்துட்டேன். கையைப் புடிச்சி இழுத்தான். "ரெண்டு பேரையும்... சேர்த்து எடுக்கச் சொல்லு லா. நாம ஜோடி."

நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னா எனக்குத் தெரியும் தங்கச்சி, அவன் பக்கத்துல நின்னா எவன் என்னைப் பார்ப்பான்? இத்தனை வருஷம் சிரிச்சே என்னை மறைச்சான், இப்ப சிரிக்காமலே மறைப்பான். போடா, உன் போர்டை நீயே வெச்சிக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வராண்டா வரைக்கும் வந்து, திரும்பிப் போயி மாஸ்க்கை ஏத்தி விட்டுட்டு வந்தேன். அவனால அது முடியறதில்ல.

தொறந்துட்டாங்க. வாங்க. பெட்டியைக் குடுங்க நான் தூக்கறேன்.

உள்ள போனதும் ஒண்ணு பார்த்துக்குங்க, கேமராவைக் கண்டா அவன் சிரிக்கப் பார்ப்பான், நோவுலயும் சிரிப்பான், பழக்கம். கொஞ்சம் பொறுத்து எடுங்க, சிரிப்பு தானா எறங்கிடும். அப்புறம் அவனால தனியா உட்கார முடியாது. தலையணை வெச்சாலும் சரிஞ்சிடறான், மிஸ்ஸி வெச்சிப் பார்த்துட்டாங்க. நான் பின்னால கட்டில்ல ஏறி உட்கார்ந்துக்கறேன். அவன் முதுகு என் நெஞ்சுல சாய்ஞ்சிக்கட்டும், நான் இப்படி முன்னால கையைக் குடுத்துப் புடிச்சிக்கறேன். என் மூஞ்சி தெரிய வேணாம், அவன் தலைக்குப் பின்னால மறைச்சிக்கறேன். அவனைத்தான் பார்க்கணும் ஜனங்க, எனக்குத் தெரியுது.

ஆனா தங்கச்சி, உங்க இலாகாவுல படத்தைச் சின்னதாக்கறேன், ஓரத்தை வெட்டறேன்னு ஆரம்பிப்பாங்க. என் கையை மட்டும் வெட்ட விட்டுடாதீங்க. மைக்கு புடிச்சப்பெல்லாம் போட்டிருந்த இந்த மோதிரம் இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பார்த்ததும் சொல்லுவாங்க, ஜெகாவைப் புடிச்சிக்கிட்டு இருக்கறது கதிரேசன்னு.